தாடைக்குள் ஒரு ஏனுங்க

என் முன்பற்கள் இரண்டும் எனக்கு முன்பாகவே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிடும் என்று தாராபுரத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள். பி.டி. டீச்சராக இருந்தும் நான் ஒருநாளும் விசில் ஊதியதில்லை. பல் இடம் கொடுக்காது. தொண்டையை வைத்தே முழு உத்தியோகத்தையும் ஓட்டினேன். மைதானத்தில் நான் 'லெஃப்ட், ரைட்' போட்டால் அமராவதிக்கு அக்கரையில் மேய்கிற எருமைகள் கால் மாற்றி வைக்கும். மாவட்டப் போட்டியில் மைக் கெட்டுப்போனால் மைக்செட்காரரை யாரும் தேட மாட்டார்கள், பூங்கோதை டீச்சர் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லும்போது பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருந்தால், "எருமை இல்ல அம்மணி, ஒரே ஒரு கன்னுக்குட்டி. அதுவும் தற்செயலா" என்பார். அவர் பெயர் லோகநாதன். சர்க்கரை ஆலையில் எடை மேடையில் இருந்தவர். கரும்பு லாரி வந்து நிற்கும், இவர் எடை சொல்வார், அதோடு பேச்சு முடிந்தது. அவர் சொன்ன எடையை எவரும் மறுத்ததில்லை. உப்புமாவில் கடுகை அள்ளிப் போட்டேன் என்றால், "அள்ளிப் போடல, ரெண்டு சிட்டிகை" என்பார், சைக்கிள் பெல் மாதிரி ஒரு கீச்சுக் குரலில். நான் பொய் சொல்வதும் அவர் திருத்துவதும்தான் எங்கள் குடித்தனம். அதில் இரண்டு பேருக்குமே அலுப்புத் தட்டியதில்லை.

ஓய்வு பெற்றதும் முதல் வேலையாகப் பல்லுக்குக் கிளிப் போடப் போனேன். இந்த வயசில் எதுக்கு என்று ஊர் கேட்டது. இனிமேல்தான் விசில் ஊதப் போகிறேன் என்றேன்.

பல் டாக்டர் எஸ்தர் என்னிடம் கோ-கோ ஆடிய பிள்ளை. என்னைப் படுக்க வைத்து, ஒரு மூக்குத்தித் திருகு அளவுக்கு ஒன்றைக் காட்டினாள்.

"டீச்சர், கயிறு இழுக்கற போட்டி வப்பீங்கல்ல? ரெண்டு பக்கமும் ஆளு நின்னா ரெண்டு பக்கமும் நகரும். ஒரு முனைய வேப்பமரத்துல கட்டிட்டா?"

"ஆளு மட்டும் மரத்துக்குப் போவான்."

"அவ்வளவுதாங் டீச்சர். முன்பல்லு ஆளு, இந்த ஸ்குரூ மரம். தாடை எலும்புல முறுக்கி விட்டுருவேன். இதைப் புடிச்சுட்டு பல்லைப் பின்னால இழுப்பேன்."

"மரம் சாஞ்சுட்டா?"

"அதுதான் இதுல பெரிய தலைவலி. அந்தக் காலத்துல சும்மா முறுக்கி விட்டுட்டு சாமி கும்புட்டுக்குவாங்க. சிலது நிக்கும், சிலது ஆடி விழுந்துரும். இப்ப வர்ற ஸ்குரூ அதுவே அதைத் தட்டிப் பாத்துக்கும்."

"எதுல தட்டும்?"

"உங்க குரல்ல." எஸ்தர் சிரித்தாள். "நீங்க பேசும்போது உங்க எலும்பு அதிருது பாருங்க, அந்த அதிர்வைக் கத்துக்கும். அப்பறம் நீங்க சும்மா இருக்கறப்ப அதையே சன்னமா எலும்புக்குள்ள ஒலிக்க விட்டு, திரும்பி வர்றதைக் கேக்கும். இறுக்கமா நின்னா ஒரு மாதிரி வரும், ஆட ஆரம்பிச்சா வேற மாதிரி வரும். எங்களுக்குத் தகவல் அனுப்பிரும். இப்பக் கொஞ்சம் பேசுங்க டீச்சர், அது கத்துக்கட்டும்."

என்னத்தைப் பேசுவது? வெளியே பங்குனி வெயிலில், வண்டி நிழலில் நிற்கிறேன் என்று போனவர் ஞாபகம் வந்தது. படுத்தபடியே கூப்பிட்டேன். "ஏனுங்க, மோரு குடிச்சீங்ளா? வெயில்ல நிக்காதீங்."

காத்திருந்தவர்களில் பாதிப்பேர் மோர் வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

பிறகு என் தாடைக்குள் அவ்வப்போது ஒரு முணுமுணுப்பு கேட்கும். நான் பொருட்படுத்தவில்லை. என் குரல் எனக்குள் கேட்பதில் என்ன அதிசயம்? பிறந்ததில் இருந்து கேட்பதுதானே. பல் பின்னால் போனது, திருகாணியைக் கழற்றினார்கள், நான் கண்ணாடி முன்னால் நின்று விசில் ஊதிப் பார்த்தேன்.

அந்த விசில் சத்தம் அடங்குவதற்குள் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தார்கள், கதிர்வீச்சு வைத்தார்கள். அதைப் பற்றி நான் பெரிதுபடுத்திச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிதுபடுத்தாமலே அது போதுமான அளவு பெரியது.

பேச முடியாதவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். விரலால் எழுதினால் அது பேசும். விளையாட்டு விழா வீடியோவில் இருந்து என் குரலையே செய்து தந்தார்கள். அந்த வீடியோக்களில் நான் கத்துவது மட்டும்தான் இருந்ததால், 'உப்புப் போதுமா' என்று எழுதினாலும் கருவி மைதானம் அதிரக் கத்தியது. இவர் சோற்றுத்தட்டோடு எழுந்து நேராக நின்றுவிட்டார். அதை மாற்றிக் கம்பெனிக் குரலையே வைத்துக்கொண்டேன். அது செய்தி வாசிக்கிற இளம்பெண். "உப்பு போதுமான அளவில் உள்ளதா?" என்று கேட்பாள். இவர் அவளுக்கு மரியாதையாக, "இருக்குதுங்" என்பார்.

இந்தச் சமயத்தில்தான் இவருக்குக் கடைவாய்ப் பல் சாய்ந்தது. பக்கத்துப் பல் விழுந்த பள்ளத்துக்குள் அது சாய, நிமிர்த்தினால்தான் புதுப்பல் கட்ட முடியும், நிமிர்த்த ஒரு திருகாணி வேண்டும் என்றாள் எஸ்தர்.

"ஏம்மா, அம்மணிக்குப் போட்டது சும்மாதானே கெடக்குது?" என்றார் இவர்.

எடை மேடையில் சிந்திய ஒரு கரும்புத் துண்டைக்கூட லாரிக்குத் திருப்பித் தூக்கிப் போட்டவர். எங்கள் வீட்டில் என் கல்யாணப் புடவைப் பெட்டியின் சணல் கயிறுகூட இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறது. எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஒரே குடும்பத்துக்குள் சுத்தம் செய்து மறுபடி போடலாம் என்று அப்போது விதி வந்திருந்தது. கொதிக்க வைத்தாள், கழுவினாள், போட்டாள்.

அதன் பிறகு மனிதர் பேச்சைக் குறைத்தார். குறைத்தார் என்றால், கோடையில் அமராவதி வற்றுவது போல. முதலில் ஓடை, பிறகு ஈரம், பிறகு வெறும் மணல். முறுக்கைத் தொடுவதில்லை. தயிர்ச்சோற்றைக் கரைத்துக் குடித்தார். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து, கன்னத்தில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, லேசாகச் சிரிப்பார். அறுபது தாண்டிய மனிதர் அப்படிச் சிரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஒருநாள் எதிரில் நான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, சடக்கென்று எழுந்தார். சமையலறை வாசல் வரைக்கும் போனார். உள்ளே ஆளில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். பிடிபட்டவர் முகம். எனக்குக் கேட்காத குரலுக்கு ஒருவர் எழுந்து போகிறார் என்றால், எவளோ கூப்பிட்டிருக்கிறாள்.

"யார் அந்தப் பெண்?" என்று எழுதினேன். செய்தி வாசிப்பவள் ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

யாருமில்லை என்று தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை.

நல்லவேளை, ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது. திருகாணி ஆடுகிறதாம். அங்கேயும் இவர் வாய் திறக்காமல் கை ஜாடை காட்டினார். எஸ்தர் இவர் கன்னத்தில் ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், இது உங்க அதிர்வு இல்லியே."

இவர் தரையைப் பார்த்தார்.

"டீச்சர், உங்களுக்குப் போட்டப்பக் கத்துக்கிட்டதை நாங்க அழிச்சிருக்கணும். ஒரே ரேஷன் கார்டுல ரெண்டு பேரும் இருக்கவும் எங்க கம்ப்யூட்டர் ஒரே வாய்னு நெனச்சு அப்படியே விட்டுருச்சு. உங்க குரலை வச்சு அங்கிள் எலும்பைத் தட்டிட்டு இருக்குது."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எஸ்தர் நாக்கை அமுக்கிப் பார்க்கிற மரக்குச்சி ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஒரு முனையை நான் கடிக்க வேண்டும், மறுமுனையை இவர் தாடையில் வைக்க வேண்டும். காது வேண்டியதில்லை, பல்லே கேட்கும் என்றாள். மைதானத்தில் இதைப் பார்த்திருந்தால் இருவரையும் முட்டி போட வைத்திருப்பேன். கடித்தேன். வைத்தேன்.

*ஏனுங்க. மோரு குடிச்சீங்ளா? வெயில்ல நிக்காதீங்.*

வீடியோவில் கத்துகிற அவள் இல்லை. அது ஊருக்குக் கேட்ட குரல். இது நான் குளிக்கும்போது, கணக்குப் போடும்போது, பஸ்ஸில் தனியாகப் போகும்போது எனக்குள் கேட்ட குரல். கொஞ்சம் கனத்து, கொஞ்சம் கரகரத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. உலகத்தில் என் ஒருத்தியைத் தவிர வேறு யாரும் கேட்டிராதது. போனபோது அதைத்தான் நான் தேடினேன், என்ன தேடுகிறேன் என்று டாக்டர்களிடம் சொல்லத் தெரியவில்லை. அது இவர் வாயில் குடியிருந்தது. அந்தக் குரல்காரிக்குத் தொண்டையில் கட்டி இல்லை. மோரைப் பற்றி மட்டும்தான் கவலை.

குச்சியை எடுக்க எனக்கு மனமில்லை. எஸ்தர்தான் மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"இதை வெளிய எடுத்து பதிஞ்சு வைக்க முடியாதா?" என்று எழுதிக் கேட்டேன்.

"பாட்டு மாதிரி இல்லீங் டீச்சர். எலும்பு இல்லாமக் கேட்டா வெறும் இரைச்சல்."

"எனக்கே திரும்பப் போடு."

எஸ்தர் என் தாடையைப் பார்த்தாள். "கதிர் பட்ட எலும்பு டீச்சர். ஸ்குரூ போட்டா எலும்பு செத்துரும். நான் போட மாட்டேன்." பிறகு இவரிடம் திரும்பினாள். "அங்கிள் பேசாம இருக்கறது இதுக்குத்தானே? பேசப் பேச உங்க குரலைக் கத்துக்கிட்டு டீச்சர் குரலை அழிச்சுரும்னு கண்டுபுடிச்சுட்டீங்க."

இவர் தலையாட்டினார். முதல் சில நாட்களிலேயே உள்ளே அந்தக் குரல் மெலிவதைக் கவனித்திருக்கிறார். எடை பார்த்த மனிதர் அல்லவா.

"ஆனா பேசாம, மெல்லாம இருந்தா எலும்புக்கு வேலை இல்ல. வேலை இல்லாத எலும்பு புடியை விட்டுரும். அதுதான் ஆடுது. பேசினா குரல் போயிரும், பேசாட்டி ஸ்குரூவே போயிரும். இப்படியே விட்டா இன்னும் கொஞ்ச நாள் கேக்கும், அவ்வளவுதான். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

பேசி முடிவு பண்ணுங்கள் என்று எங்கள் இருவரிடம் சொன்னாள். குழந்தை பாவம், யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

ஒரு முடிவும் பண்ணவில்லை. வரும்போது அந்தக் குச்சியைக் கேட்டு வாங்கி வந்தேன். அது முறிந்ததும் தோசைக் கரண்டிக் காம்பு. சாப்பாடு முடிந்து தாடை ஓய்ந்ததும் அவள் கூப்பிடுவாள். அந்த நேரத்துக்கு நாங்கள் தயாராக உட்கார்ந்துவிடுவோம், இவர் ஒரு முனை, நான் ஒரு முனை. ஊருக்கே ஒரு ரேடியோ இருந்த காலத்தில் அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வேளைக்கு வேளை சாப்பிடுவதே அதற்காக என்று ஆயிற்று. நான் ஆறு வேளை சமைத்தேன். சரி, நான்கு.

வீட்டில் அவள் ஒருத்திதான் பேசினாள். முன்பெல்லாம் நான் ஊர்ப் புரளியை இரண்டு மடங்காக்கிச் சொல்ல, இவர் பாதியாக்கித் திருப்பித் தருவார். இப்போது கருவியில் எதை எழுதினாலும் பதிலில்லை. நான் ஒரு வாக்கியத்தைப் பெரிதாக்கிவிட்டு, வழக்கம்போல நிறுத்திக் காத்திருப்பேன். வாசலில் தண்ணீர் வண்டி போகிற சத்தம்தான் வரும். யாரும் குறைக்காத பொய் என்ன பொய். அது வெறும் தகவல்.

ஒருநாள் மத்தியானம் கொல்லைப்பக்கம் துணி எடுக்கும்போது கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். பெரிய அடியில்லை, எழ முடியவில்லை. கருவி உள்ளே மேசையில். மைதானத்தில் செய்வது போலக் கையைத் தட்டினேன். இவர் கூடத்தில் நாற்காலியில் இருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மறுபடி தட்டினேன். இவர் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார். இரு, சத்தம் போடாதே என்று.

அவள் பேசிக்கொண்டிருந்தாள். அதனால் நான் சத்தம் போடக்கூடாது.

அவள் முடித்த பிறகு வந்தார், பதறித்தான் வந்தார், தூக்கிவிட்டார், எண்ணெய் தேய்த்தார். ஆனால் எனக்கு அந்த விரல் போதும். வெயிலில் நிற்காதே என்று சொல்கிறவளைக் கேட்க, வெயிலில் கிடந்தவளைக் காக்க வைத்தார். நானே நல்ல சக்களத்தி எனக்கு.

அன்றைக்கே ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டு வளர்மதி மாலை மாவு வாங்க வருவாள். அவளை உட்கார வைத்துக் கருவியில் எழுதினேன். செய்தி வாசிப்பவள் கணீரென்று அறிவித்தாள்: "நேற்று அமராவதி அணையிலிருந்து ஒரு முதலை எங்கள் வாசலுக்கு வருகை தந்து குடிநீர் கோரியது."

வளர்மதி சிரித்தாள். இவர் நாற்காலியில் நெளிந்தார்.

"அதற்கு நான் இரண்டு குடம் மோர் வழங்கினேன்."

கழுத்து நரம்பு துடித்தது. வாய் திறக்கவில்லை. மோரும் முதலையும் இவருக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். எதில் கை வைத்தால் இந்த மனிதர் எழுவார் என்பதும் தெரியும். வைக்க மனம் வரவில்லை, ஆனாலும் வைத்தேன்.

"என் கணவர் ஒருமுறை எடை மேடையில் கரும்பு லாரியுடன் ஒரு நாயையும் சேர்த்து எடை போட்டார். அந்த நாய்க்கும் கரும்பு விலை வழங்கப்பட்டது."

"அப்பிடியெல்லா இல்ல அம்மணி," என்றார்.

கீச்சுக் குரல், இத்தனை நாள் துரு ஏறி. அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. "நாய் மேடைக்கு வெளிய படுத்திருந்துச்சு. வாலு மட்டுந்தா மேடை மேல இருந்துச்சு. அதையும் நான் எறங்கிப் போயி எடுத்து அக்கட்டால வச்சுட்டுத்தான் எடை போட்டேன். வாலுக்கு என்ன எடை வரும்னு டிரைவர்கூடக் கேட்டான். எடைன்னா எடைதான்னேன். நாய்க்குக் காசு குடுத்தேன்னு நீ எப்பிடிச் சொல்லுவ? வளர்மதி, நீயே சொல்லு கண்ணு."

வளர்மதிக்கு ஒன்றும் புரியவில்லை. மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இவருக்கு அப்புறம்தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்டார், உள்ளே இருப்பது சிந்திவிடும் என்பது போல.

"ஏன் அம்மணி இப்பிடிப் பண்ற? அவ போயிருவா."

எழுத எனக்கு நேரம் பிடித்தது. எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

"அவள் செல்லட்டும்," என்றாள் செய்தி வாசிப்பவள், வானிலை சொல்வது போல. "நான் இங்குதான் உள்ளேன்."

அழுதார். நானும்தான். எனக்கு அழுகைக்கும் சத்தம் கிடையாது என்பதால் இவர் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதார்.

அதன் பிறகு நான் நாளெல்லாம் பொய் சொன்னேன். திருப்பூர் ஜில்லாவில் அவ்வளவு பொய் அதற்கு முன் விளைந்ததில்லை. நான் ஒலிம்பிக்கில் ஓடி, மாற்றுக்கால் செருப்பைப் போட்டதால் தோற்றேன். என் மாமியார் ஒரு கையால் ஆட்டுக்கல்லைத் தூக்கி மறுகையால் ரசம் வைத்தார். "ஆட்டுக்கல்லு இல்ல, அம்மிக் குழவி" என்று இவர் திருத்துவார். திருத்தும்போதே ஒரு நொடி நிறுத்தி, உள்ளே காது கொடுப்பார். முகம் வாடும். அப்புறம் மிச்சத்தையும் திருத்துவார். முறுக்கை வைத்தேன், தின்றார். கடலைமிட்டாய், கரும்பு. ஆலையில் இருந்தவருக்குக் கரும்பு மெல்லச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கரண்டிக் காம்பை நான் எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்று வைத்திருந்தேன். இவர் மட்டும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அவருக்கு வேறு வழியில்லை. மோர் என்கிற சொல் முதலில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒருநாள் நான் மோர் ஊற்றும்போது டம்ளரையே ரொம்ப நேரம் பார்த்தார். வெயில் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஏனுங்க போன நாள் மட்டும் தெரியும். அன்றைக்கு இவர் சாப்பிட்டதும் நாற்காலிக்குப் போகவில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, உரிக்காத வெங்காயத்தை எல்லாம் உரித்து வைத்தார்.

அடுத்த முறை எஸ்தர் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி நிக்குதுங் டீச்சர். பல்லும் நிமிர ஆரம்பிச்சுருச்சு" என்றாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு, கை கழுவப் போவதாகச் சொல்லி வெளியே போனாள். பத்துப் பேர் கை கழுவுகிற நேரம் கழுவினாள்.

குச்சி அங்கேயே கிடந்தது. ஒருவேளை ஒரு ஓரத்தில், ஒரு எழுத்தாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்றுதான் எடுத்தேன். கடித்தேன். இவர் தாடையில் வைத்தேன். காத்திருந்தோம்.

*அப்பிடியெல்லா இல்ல அம்மணி.*

கீச்சுக் குரல் இல்லை. இரவெல்லாம் லோடு ஏற்றிய லாரி மேடையில் ஏறி மெல்ல நிற்கும்போது தரைக்குள் ஒரு சத்தம் போகுமே, அது மாதிரி ஒரு குரல். ஆழமாக, அவசரமில்லாமல். இவர் தன்னை இத்தனை காலமும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே இவ்வளவு பெரிய மனிதரை வைத்துக்கொண்டு, வெளியே அந்தச் சைக்கிள் பெல்லோடு என்னிடம் மல்லுக்கு நின்றிருக்கிறார். மறுபடி கேட்டேன். அம்மணி என்கிற இடத்தில் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. வெளியே அது எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் எங்கும் இல்லை. ஒரு எழுத்துகூட.

குச்சியை எடுத்தேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கேக்குது?" என்றார்.

எழுதினேன்.

"என் குரல்தான்," என்றாள் செய்தி வாசிப்பவள். "மாறாமல் அப்படியே உள்ளது."

இவர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது; வாழ்நாளெல்லாம் என் எந்தப் பொய்யையும் அந்த இடத்தைத் தாண்ட விட்டதில்லை. வாயை மூடினார். பிறகு என் கையில் இருந்து குச்சியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"ஆமா அம்மணி," என்றார். "ஒரு கிராம் கொறையல."